கரைமேல் தோண்டிய குழி

ஜூலை 9, புதன். நேற்றைய பதிவில் ஒரு பிழை. அணைக்கரையின் அடியில் ஊறும் நீர் தெளிவாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன். நான் பார்க்கவில்லை. இருட்டிவிட்டது. குனிந்து கையால் தொட்டேன், சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். சில்லென்று இருப்பதும் தெளிவாக இருப்பதும் ஒன்றல்ல. திருத்தம்: நீரின் நிறம் தெரியாது. காலை வெளிச்சத்தில் ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இதை எழுதும்போது அவள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்குள் அப்பா போய்விட்டார். பல நாளாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த இருமல் நின்றுபோனதால்தான் அம்மாவே விழித்துக்கொண்டாள்.

இப்போது அவள் கரையின் அடியில் குனிந்து, காலியான காபித்தூள் பாட்டிலைக் கசிவின் வாயில் சாய்த்துப் பிடித்திருந்தாள். காலில் அப்பாவின் ரப்பர் பூட்ஸ். வாசலில் முதலில் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கால் முன்னே போக, பூட்ஸ் கொஞ்சம் தாமதித்துப் பின்னால் வந்தது.

அப்பாவை வீட்டில் கிடத்தியிருக்கும்போது இங்கே வந்து நிற்பது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதி வைத்திருந்ததால் வந்தாள். பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். லேசாகப் பழுப்பாகத் தெரிந்தது. அது நீரின் நிறமா, பாட்டிலில் ஒட்டியிருந்த பழைய காபிக் கறையா என்று சொல்ல முடியவில்லை. கழுவிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மூடியை இறுக்கினாள். அசையாமல் வைத்தால் தெளியும். அடியில் ஏதாவது தங்குகிறதா என்று பார்க்கலாம்.

அவளுக்குப் பகலில் மருந்துக் கடையில் வேலை, மாலையில் கட்டுமான வரைபட வகுப்பு. அந்த வகுப்பில்தான் இதைச் சொன்னார்கள். மண் கரை என்றால் கொஞ்சம் கசியும். தெளிந்து வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே இருக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. அவளுக்குப் படிப்பு பாதிதான் முடிந்திருந்தது. ஆசிரியர் சொன்னதில் எதைச் சரியாகக் கேட்டோம், எதைத் தானே சேர்த்துக்கொண்டோம் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு.

அணை அப்பா கட்டியது. கல்யாணமான புதிதில், பழத்தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று, வீட்டுக்குப் பக்கத்தில் ஓடிய சிற்றோடையை மறித்து மண்ணைப் போட்டு உயர்த்தியது. பிறகு மரங்களில் நோய் விழுந்தது. ஒன்றும் தேறவில்லை. தோட்டத்தை மனைகளாகப் பிரித்து அப்பாவே விற்றார். கரைக்குக் கீழே, மரங்கள் நின்ற வரிசையிலேயே இப்போது வீடுகள் நின்றன. பாய்ச்ச ஒன்றும் இல்லாத தண்ணீரை அவர் ஒவ்வொரு மழைக்கும் நிறைத்து வைத்தார். அதிகப்படியான நீர் வழிந்து போவதற்காகக் கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய திறப்பு ஒன்று உண்டு, கலிங்கு. அதன் குறுக்கே பலகைகளைச் செருகி மட்டத்தை இன்னும் ஏற்றினார். அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் மதகின் திருகு துருப்பிடித்து இறுகி, எப்போது கடைசியாகத் திரும்பியது என்பது யாருக்கும் நினைவில்லை.

வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு கட்டுமானம். அதன் நோக்கம், அதன் நிலை. அவள் அப்பாவிடம் கேட்டாள்.

"இந்த அணை எதுக்குப்பா?"

"தண்ணி நிக்க."

"தண்ணி எதுக்கு நிக்கணும்?"

"நீ எதுக்கு நிக்கற? போய் உக்காரு."

கசிவைப் பற்றிச் சொன்னபோதும் அதே குரல்தான். "மனுஷனுக்கு வேர்க்கல? கரைக்கும் வேர்க்கும். மருந்துக் கடைல மாத்திரை எண்ணுறவ, அணைக்கு நாடி பாக்க வந்துட்டா." அன்று மாலை வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். கோபமாக இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கலாம். பயிற்சித் தாளில் நோக்கம் என்ற இடத்தை அவள் காலியாக விட்டுக் கொடுத்தாள். அதற்கு மதிப்பெண் குறைந்தது.

பாட்டிலைச் சமையலறை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

வெளியே வந்தபோது வீடு நிறைந்திருந்தது. கீழ் வீடுகளிலிருந்து நாற்காலிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டு மர நாற்காலி, ஒரு வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி, மெத்தை வைத்த சாப்பாட்டு மேஜை நாற்காலிகள், குழந்தை உட்காரும் முக்காலி ஒன்று. கேட்காமலே எடுத்து வந்தார்கள். கீழே இருந்து ஏறிவரும் பாதை கரைமேல்தான் போகிறது. ஆட்கள் தலைமேல் நாற்காலிகளைக் கவிழ்த்துப் பிடித்தபடி தண்ணீரை ஒட்டி வரிசையாக வருவது ஜன்னலில் தெரிந்தது. முன்னால் வந்தவள் தையல்கார அக்கா. கரைக்கு நேர் கீழே முதல் வீடு அவளுடையது.

"காப்பி போட்டுருக்கேன், எல்லாருக்கும் குடுத்துடு. நீயும் ஒரு வாய் குடி. மூஞ்சி வெளிறிக் கெடக்கு," என்று சொல்லிவிட்டு இன்னும் நாற்காலி எடுக்கத் திரும்பினாள்.

அவள் ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். பாட்டில் இல்லை.

முன்னறையில் அப்பா வெள்ளைத் துணிக்குள் இருந்தார். தலைமாட்டில் ஒரு முக்காலி. அதன்மேல் காபித்தூள் பாட்டில். நன்றாகக் கழுவித் துடைத்து, சுத்தமான தண்ணீர் ஊற்றி, யாரோ கொண்டுவந்த பூக்களை அம்மா அதில் செருகியிருந்தாள். கறை முழுக்கப் போயிருந்தது. கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"இதுல ஏதோ அழுக்குத் தண்ணி கெடந்துச்சு," என்றாள் அம்மா, அவள் பார்ப்பதைப் பார்த்து. "பூ வாடிடக் கூடாதுல்ல."

"சரிம்மா."

மறுபடி போய்ப் பிடித்து வரலாம். தெளிய நேரமாகும். காபி கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தட்டை எடுத்தாள். அப்போதுதான் வெளியே கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு முறை கேட்டு, நின்று, மறுபடி கேட்டது. கொல்லைப் பக்கமிருந்து இல்லை. கரைமேலிருந்து.

தட்டைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தாள். "நீங்க குடுத்துடுங்க."

"எனக்குச் சர்க்கரை வேணாம்மா," என்றார் சித்தப்பா, தட்டு முழுவதையும் பார்த்து. அதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

கரையின் நடுவில் ஒற்றை மரம் ஒன்று உண்டு, அப்பா வைத்தது. அதன் நிழலில் குழி தோண்டுபவர் முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தார். அண்ணன் பக்கத்தில் நின்றான். காலையில் வெளியூரிலிருந்து நேரே வந்தவன். கறுப்புப் பேன்ட், மினுக்கிய ஷூ. வெட்டிய மண் நீர்ப்பக்கச் சரிவில் குவிந்திருந்தது. தண்ணீர் பலகைகளின் மேல்விளிம்பு வரை நின்றது; கரைமேல் நிற்பவர்கள் உட்கார்ந்து கைநீட்டினால் தொடலாம்.

"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே," என்றாள் குழி தோண்டுபவரிடம்.

அவர் அண்ணனைப் பார்த்தார்.

"என்னடி?" என்றான் அண்ணன்.

"இங்க தோண்டக் கூடாதுண்ணா."

"அப்பா கேட்டது இது."

"தெரியும்."

"தெரியாது உனக்கு. போன தடவை வந்தப்போ என் கையப் புடிச்சுக்கிட்டு கேட்டார். மரத்தடில போட்டுடுன்னு. அந்த மனுஷன் அதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. ஒரு டம்ளர் தண்ணிகூட உன்கிட்டதான் கேப்பார்."

அது உண்மை. குழி தோண்டுபவர் கடப்பாரையை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு மேலே ஏறினார்.

"நீங்க பேசிக்கங்க. நெழல்ல நிக்கறதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"தண்ணி ரொம்ப மேல நிக்குது," என்றாள். "கரை உள்ள ஊறிப்போய் இருக்கும். இந்த எடத்துல குழி வெட்டினா கரையோட அகலம் பாதியாயிடும். பொட்டி வெச்சு மூடினாலும் பழைய மாதிரி இறுகாது."

"இவ்வளவு பெரிய கரைடி. ஒரு பல்லு புடுங்கின மாதிரி."

"கீழ வேற ஊறுது."

"நான் பொறந்ததுலேருந்து ஊறுது."

"இப்ப அதிகமா ஊறுதுண்ணா. கலங்கி வருதான்னு தெரியல."

"தெரியலயா?"

"காலைல பாட்டில்ல புடிச்சு வெச்சேன். அம்மா கழுவி பூ வெச்சுட்டாங்க."

அண்ணன் மூக்கு வழியாகச் சிரித்தான். "நல்லாருக்கு. இதச் சொல்லி அப்பாவ எழுப்பி விடு. அவரும் சிரிக்கட்டும்."

"எங்க ஊறுது?"

தையல்கார அக்கா. கைக்கொன்றாக இரண்டு நாற்காலிகளுடன் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேண்டாம் என்பதுதான் இருந்தது. ஒவ்வொரு பெருமழைக்கும் அப்பா கீழ் வீடுகளின் வாசலில் போய் நின்று, நான் கட்டின கரை, இரும்பு மாதிரி, நிம்மதியாத் தூங்குங்க என்று சொல்லிவிட்டு வருவார். அவர்களும் தூங்கினார்கள். அப்பா இன்னும் வீட்டில்தான் இருந்தார், பூக்களுக்குப் பக்கத்தில். அவர் நிம்மதியாகத் தூங்க வைத்த மனிதர்களின் நாற்காலிகள் அவரைச் சுற்றிப் போடப்பட்டிருந்தன.

ஒன்றுமில்லைக்கா என்று சொல்லிவிடலாம். நாளைக்குச் சொல்லலாம். நாளை அப்பா வீட்டில் இருக்க மாட்டார்.

"உங்க வீட்டுக்குப் பின்னாடிக்கா," என்றாள். "கரையோட அடில. புல்லு பச்சையா நிக்குதே, அங்க."

"நான் துணி காயப் போடுற எடம்."

"ஆமாம்."

"ஆபத்தா?"

"எனக்கு நிச்சயமா தெரியாதுக்கா. தெரியாததாலதான் தோண்ட வேணாம்ங்கறேன்."

தையல்கார அக்கா ஒரு நாற்காலியைக் கரைமேல் வைத்தாள். அதில் உட்கார்ந்தாள். கீழே தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் கூரையின் ஓடுகள் தெரியும், கொடியில் ஒரு பாவாடை, பின்கதவருகே ஒரு வாளி.

"உங்கப்பா இரும்புன்னாரே," என்றாள்.

"நம்பித்தான்க்கா சொன்னார்."

அண்ணன் குழியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு ஷூவில் ஒட்டிய மண்ணைப் புல்லில் தேய்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

அம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் குனிந்து காதருகே சொன்னான். நடுவில் ஒருமுறை தங்கையைக் கைகாட்டினான். அம்மா கேட்டு முடித்தாள். துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"படுத்துக்கிட்டு எங்கேருந்து தண்ணியப் பாக்கறது," என்றாள்.

"அம்மா."

"அவர் அங்க கேட்டது அதுக்குத்தானே. சாஞ்சுக்கிட்டுப் பாக்கலாம்னு. நாற்காலி போட்ட மாதிரி நெனச்சுட்டார் மனுஷன்." அப்பாவின் பாதத்தைத் துணியால் சரியாக மூடினாள். "ஊர் இடுகாட்டுல எடம் கேளு. இவரோட அம்மாவும் அங்கதான் இருக்காங்க."

"வெட்டினத என்ன பண்றது?" என்றான் அண்ணன்.

"மூடு. வாரித் தள்ளிட்டு வந்துடாத. நல்லா மிதிச்சு மூடணும். அவர் பாத்தா திட்டுவார்."

மூடச் சொன்னபோது குழி தோண்டுபவர் மண்வெட்டியை எடுத்து ஒரே வாக்கில் தள்ளப் போனார். அண்ணன் தடுத்தான்.

"அப்படி இல்ல. குடுங்க இங்க."

ஷூவைக் கழற்றி மரத்தடியில் வைத்தான். சாக்ஸை உருட்டி அதற்குள் செருகினான். பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினான். அவள் மேலே நின்று மண் போட்டாள். கையளவு உயரத்துக்கு மட்டும்.

"கட்டிய ஒடச்சுப் போடுடி."

அவள் மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்தாள். அண்ணன் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, குதிகாலை ஊன்றி, வரிசை விடாமல் மிதித்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போனான். பிறகு திரும்பி வந்தான். இருவருக்கும் இது தெரியும். சிறுவயதில் கோடை விடுமுறை என்றால் இதுதான். எலி வளை, நண்டு வளை, மழை அரித்த இடம். அப்பா மண்ணைப் போட, பிள்ளைகள் மிதிக்க வேண்டும். கையளவு போடு, மிதி, குதிகால் பதியாத வரைக்கும் மிதி, அப்புறம் மறுபடி கையளவு. ஆட்டம் போட்டால் அடி விழும். ஒழுங்காக மிதித்தால் ஒன்றும் விழாது, பாராட்டும்கூட.

"ஈரம் கொஞ்சம் அதிகம்," என்றாள்.

"ம்."

"கொஞ்சம் காஞ்ச மண்ணு கலக்கவா?"

"கல."

கடைசி வரிசையில் அவளும் இறங்கினாள். இருவரும் எதிரெதிர் மூலைகளிலிருந்து மிதித்துக்கொண்டு வந்து நடுவில் சந்தித்து, ஒதுங்கி, தாண்டிப் போனார்கள். தையல்கார அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். குழி தோண்டுபவர் மரத்தில் சாய்ந்து நின்றார். நாற்காலியோடு வந்த ஒருவர் என்ன செய்கிறார்கள் என்று புரியாமல் கொஞ்சம் நின்று, மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்.

அண்ணன் நடுவில் நின்று குதிகாலால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். பதியவில்லை.

"போதும்," என்றான். அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். அதில் மண் இருந்ததால் முகம் இன்னும் மோசமாயிற்று.

இடுகாட்டில் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. அங்கே மண் மணலாக இருந்தது, மண்வெட்டியால் தள்ளினார்கள், சரசரவென்று நிரம்பியது. யாரும் மிதிக்கவில்லை. அண்ணன் ஒரு காலை முன்னே வைத்து, பிறகு எடுத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

திரும்பி வந்ததும் உடை மாற்றாமலே அண்ணன் கலிங்குக்குப் போனான். மேல் பலகை ஊறிப் பருத்து, கல்லில் வெட்டிய காடியில் இறுகியிருந்தது. கடப்பாரையால் நெம்பி இருவரும் இழுத்தார்கள். வந்தது. தண்ணீர் அந்த இடைவெளியில் நாக்கை நீட்டுவதுபோல் எட்டிப் பார்த்து, பிறகு வழிந்து, பக்க ஓடையில் விழுந்து, வீடுகளைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"அடுத்ததயும் எடுத்துடலாமா?" என்றான்.

"இன்னைக்கு வேணாம். ஒரேயடியா எறக்கினா உள்பக்கம் சரிஞ்சுடும்னு சொல்லியிருக்காங்க."

"நிச்சயமா சொன்னாங்களா?"

அவள் யோசித்தாள். "இது சொன்னாங்க. இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"சரி."

பிறகு அவன் தையல்கார அக்காவுடன் கீழே இறங்கி, வீடு வீடாகப் போனான். தண்ணீர் இறங்கும் வரை ராத்திரியில் பின்பக்க அறைகளில் யாரும் படுக்க வேண்டாம், முடிந்தால் வேறு எங்காவது போய்த் தூங்குங்கள், நாளை நீர்வளத்துறை ஆட்களைக் கூப்பிடுகிறோம். ஒரு வீட்டில் அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி, உங்கப்பா கட்டினது என்று சொல்லி, அவனையே சமாதானப்படுத்தி அனுப்பினார்களாம். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். தையல்கார அக்கா ஒரு பையில் மாற்றுத்துணியும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். கத்தரிக்கோல் எதற்கு என்று அம்மா கேட்டாள்.

"அது இல்லாட்டி எனக்குப் பொழப்பு இல்லக்கா. வீட்ட அப்புறம் கட்டிக்கலாம்."

அம்மா முன்னறையில் அவளுக்குப் பாய் விரித்தாள். அப்பா கிடந்த இடம். வேறு இடமும் இருந்தது; இருந்தாலும் அங்கேதான் விரித்தாள். தையல்கார அக்காவும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

பூக்களை ஒரு டம்ளருக்கு மாற்றி, அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே கீழே போய்க் கசிவு நீரைப் பிடித்து வந்தாள். ஜன்னல் கட்டையில் வைத்தாள். பக்கத்திலேயே, ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீர். வெளியே வழியும் நீரின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருமல் இல்லாத வீட்டில் அந்தச் சத்தம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அம்மா பாத்திரங்களைக் கழுவி முடித்து, பாட்டிலைப் பார்த்து நின்றாள். இந்த முறை தொடவில்லை.

"தங்கியிருக்கா?" என்றாள்.

அவள் குனிந்து பார்த்தாள். மேலே நீர் தெளிந்திருந்தது. அடியில் மெல்லிய பழுப்புப் படலம், நகத்தின் கனத்துக்குக்கூட வராது. டம்ளரில் ஒன்றும் இல்லை.

"இருக்கும்மா. கொஞ்சம்."

அம்மா தலையசைத்தாள். விரலால் பாட்டிலின் வெளிப்புறத்தை, அந்தப் படலம் இருந்த உயரத்தில், ஒருமுறை துடைத்தாள். பிறகு சமையலறை விளக்கை அணைக்காமலே முன்னறைக்குப் போனாள்.

அவள் டைரியை எடுத்தாள்.

ஜூலை 10, வியாழன். காலையில் பிடித்த நீர் வீணாயிற்று; பாட்டிலைக் கழுவாமல் கொண்டு போனது என் பிழை. மாலையில் பிடித்ததில் வண்டல் உண்டு. அப்பா காலமானார்.

நாளை: விடிந்ததும் நீர்வளத்துறை அலுவலகத்துக்கு ஃபோன் செய்ய வேண்டும். அண்ணனோடு இரண்டாவது பலகையை எடுக்க வேண்டும். நாற்காலிகளைக் கீழே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், எது எந்த வீடு என்று தையல்கார அக்காவிடம் கேட்டுக்கொண்டு. பூட்ஸ் பெரிதாக இருக்கிறது. இரண்டு ஜோடி சாக்ஸ் எடுத்து வைக்க வேண்டும்.